சிறு காற்றாலையும் அரசு மானியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராபுரம், உடுமலை வட்டாரத்தில் மின்பணி செய்துவரும் எனக்கு, வைகாசி பிறந்து மேல்காற்று எழத் தொடங்கியதும் ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். சாலையின் இருபுறமும் பெரிய காற்றாலைகள் சுழல்வதைத் தினமும் பார்ப்பவர்கள், தம் வீட்டிலோ தோட்டத்திலோ சிறியதாக ஒன்றை நிறுத்தினால் என்ன என்று நினைப்பது இயல்புதான். அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கருவிகளின் விலையாக நான் குறிப்பிடும் தொகைகள் கணக்குப் போடுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்களுக்குக் கிடைத்த விலைப்புள்ளியை அந்த இடத்தில் வைத்து நீங்களே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

சிறு காற்றாலை என்றால் எந்த அளவு வரைக்கும்?

பன்னாட்டுத் தரநிலை, இறக்கைகள் சுழலும் வட்டத்தின் பரப்பு 200 சதுர மீட்டருக்குள் இருப்பவற்றைச் சிறு காற்றாலை என்கிறது; அதாவது வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 16 மீட்டர். நம் மத்திய அரசின் பழைய மானியத் திட்டம் 100 கிலோவாட் வரை அந்தப் பெயரில் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் விற்கப்படுபவை பெரும்பாலும் 1 முதல் 5 கிலோவாட் வரையிலானவை என்பதால், இங்கே வரும் பதில்கள் அவற்றைப் பற்றியவையே. பழைய 225 கிலோவாட் காற்றாலைகளைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது.

ஆடிக்காத்துல அம்மியே பறக்குது, ஒரு காத்தாடி சுத்தாதா?

சுற்றும். ஆனால் சுற்றுவது வேறு, மின்சாரம் தருவது வேறு. காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும், வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். முகத்தில் இதமாகப் படும் நொடிக்கு 3 மீட்டர் காற்றில், ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு மொத்தம் 16 வாட் அளவுக்குத்தான் ஆற்றல் உண்டு. அதையும் முழுவதுமாக எடுக்க முடியாது. எந்தக் காற்றாலையும் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க இயலாது என்பது ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நிறுவிய வரம்பு. சிறு காற்றாலைகள் நடைமுறையில் 20 முதல் 30 சதவீதம் எடுத்தாலே நல்ல கருவி என்று சொல்லலாம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பகுதியில் வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரைதான் வலுவாக வீசுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இறக்கைகள் நாள்கணக்கில் அசையாமல் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே ஆடி மாதத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ஆண்டு முழுமைக்கும் கணக்குப் போடக் கூடாது.

ஒரு கிலோவாட் மெஷின் வாங்கினால் மணிக்கு ஒரு யூனிட் வருமில்லையா?

காற்று நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் விடாமல் வீசினால் வரும். கருவியின் தகட்டில் பொறித்திருக்கும் 1 கிலோவாட் என்பது பொதுவாக அத்தகைய வேகத்துக்கான அளவு. இறக்கை வட்டம் இரண்டரை மீட்டர் குறுக்களவுள்ள ஒரு கருவி 11 மீட்டர் வேகத்தில் 1,000 வாட் தந்தால், அதே கருவி ஐந்தரை மீட்டர் வேகத்தில் 125 வாட்டும், 4 மீட்டர் வேகத்தில் 50 வாட்டுக்கும் குறைவாகவும்தான் தரும்.

ஆண்டுக் கணக்கில் பார்த்தால், இறக்கை இருக்கும் உயரத்தில் ஆண்டுச் சராசரிக் காற்று வேகம் 3 மீட்டராக இருக்கும் இடத்தில் இந்தக் கருவி ஏறத்தாழ 250 யூனிட்டும், 4.5 மீட்டராக இருந்தால் 900 யூனிட்டும், 6 மீட்டராக இருந்தால் 1,800 யூனிட்டும் தரும் என்பது என் மதிப்பீடு. மரமும் வீடும் சூழ்ந்த ஊர்களில் தாழ்வான உயரத்துக்கு முதல் எண்ணுக்கு அருகில்தான் எதிர்பார்க்க வேண்டும். கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் இந்த மூன்று எண்களே அடிப்படை.

அப்படியானால் ஒரு யூனிட் என்ன விலைக்கு விழும்?

கருவி, கோபுரம், அடித்தளம், இன்வெர்ட்டர், கேபிள் எல்லாம் சேர்த்து 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய் முதலுக்கும், தாங்கு உருளை, இறக்கை, ஸ்டே கம்பி முதலியவற்றின் பராமரிப்புக்கு 4,000 ரூபாயும், ஆக 14,000 ரூபாய். இதை 1,800 யூனிட்டால் வகுத்தால் யூனிட் 7 ரூபாய் 80 காசு. 900 யூனிட்டால் வகுத்தால் பதினைந்தரை ரூபாய். 250 யூனிட்டால் வகுத்தால் 56 ரூபாய். கருவி ஒன்று, விலை ஒன்று, நிற்கும் இடம் மட்டும்தான் வேறு.

இது வட்டியே இல்லாத கணக்கு. 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்குக் கடன் வாங்கினால் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 21,900 ரூபாய் வரும். பராமரிப்பையும் சேர்த்தால் 900 யூனிட் தரும் இடத்தில் யூனிட் 29 ரூபாயை எட்டுகிறது. காற்று இலவசம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் வட்டியைப் பற்றி வாயே திறப்பதில்லை. எரிபொருள் செலவே இல்லாத எந்த மின்திட்டத்திலும் செலவு முழுவதும் முதல் நாளிலேயே வந்துவிடுவதால், வட்டிதான் அதன் பெரிய செலவு.

நீங்கள் மிச்சப்படுத்தும் யூனிட்டின் மதிப்பையும் இதனோடு ஒப்பிட வேண்டும். 2024 ஜூலைக் கட்டணப்படி வீட்டு இணைப்புக்கு இரு மாதத்தில் 400 யூனிட் வரை யூனிட் 4 ரூபாய் 80 காசு, 1,000 யூனிட்டைத் தாண்டினால் 11 ரூபாய் 80 காசு. முதல் 100 யூனிட் இலவசம். ஆகவே சாதாரண வீட்டுக்கு மிக நல்ல காற்றுள்ள இடத்திலும் இது கட்டுப்படியாகாது. உயர்ந்த அடுக்கில் பணம் கட்டுபவருக்கு, வட்டியில்லாக் கைப்பணமும் நல்ல காற்றும் சேர்ந்து அமைந்தால் மட்டுமே கட்டுப்படியாகும்.

மானியம் கிடைத்தால் இந்தக் கணக்கு மாறிவிடாதா?

மாறும், ஆனால் எந்த இடத்தில் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் முன்பு கிலோவாட்டுக்கு 1 லட்சம் ரூபாய் என்ற அளவில் மானியம் தந்தது. அதை மேற்கண்ட கணக்கில் கழித்தால் வட்டியில்லாச் செலவு ஆண்டுக்கு 9,000 ரூபாயாகக் குறைகிறது. 1,800 யூனிட் வரும் இடத்தில் யூனிட் 5 ரூபாய். 900 வரும் இடத்தில் 10 ரூபாய். 250 வரும் இடத்தில் 36 ரூபாய். பாதி விலையை அரசே ஏற்றுக்கொண்ட பிறகும் காற்றில்லாத இடத்தில் மின்வாரிய விலையைப் போல் பல மடங்கு ஆகிறது.

நல்ல இடத்தில் நிற்பதற்கும் மோசமான இடத்தில் நிற்பதற்கும் அந்த மானியம் ஒரே தொகையைத்தான் கொடுத்தது. கிலோவாட்டைப் பார்த்துக் கொடுத்தார்கள், யூனிட்டைப் பார்த்துக் கொடுக்கவில்லை. நாடு முழுவதும் இத்தகைய சிறு கருவிகள் எல்லாம் சேர்ந்து சில மெகாவாட்டைத் தாண்டாமல் போனதற்கு இதையே முக்கியக் காரணமாக நான் கருதுகிறேன். ஓடாத கருவியை ஒரு தெருவில் பத்துப் பேர் பார்த்துவிட்டால் பதினோராவது ஆள் வாங்கமாட்டார்.

இப்போது மானியம் உண்டா இல்லையா? விற்க வந்தவர் உண்டு என்கிறாரே?

மேலே சொன்ன மத்திய மானியம் 2017-க்குப் பிறகு தொடரவில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும், மொத்தத்தில் அதிகபட்சமாக 78,000 ரூபாயும் தருகிறது. ஆனால் அது கூரை மேல் அமையும் சூரியத் தகடுகளுக்கு மட்டுமே உரியது. சூரியத் தகட்டையும் காற்றாடியையும் ஒரே தொகுப்பாகக் காட்டி, மொத்தத்துக்கும் மானியம் வரும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். அரசாணை எண்ணையும் தேதியையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

கருவியின் தரத்தைப் பற்றியும் அவ்வாறே கேளுங்கள். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்துக்குக் கயத்தாற்றில் சோதனை நிலையம் இருக்கிறது. சிறு காற்றாலைகளை அங்கே சோதிக்கிறார்கள். ஒவ்வொரு காற்று வேகத்திலும் எத்தனை வாட் வந்தது என்று காட்டும் சோதனை வரைபடம் இல்லாத கருவிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

மொட்டை மாடியிலேயே வைத்துவிட்டால் கோபுரச் செலவு மிச்சம்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன். தாராபுரத்துக்கு மேற்கே ஒரு வீட்டில், தண்ணீர்த் தொட்டியின் பக்கச் சுவரில் நான்கு போல்ட் அடித்து ஒன்றரை மீட்டர் குழாயில் 1 கிலோவாட் காற்றாடியை நிறுத்தியிருந்தார்கள். ஆனி தொடக்கத்தில் வைத்தது. ஆவணியில் நான் போய்ப் பார்த்தபோது மீட்டரில் 43 யூனிட் ஏறியிருந்தது. காற்று பலமாக வீசிக்கொண்டிருந்த பிற்பகல் அது. ஆனால் காற்றாடியின் வால் ஒரு பக்கமாக நிற்காமல், வழி தவறிய மாடு போல இங்கும் அங்கும் திரும்பிக்கொண்டே இருந்தது. கைப்பிடிச் சுவரில் மோதி மேலேறிச் சுழலும் காற்றில் அது முகம் திருப்புவதற்குள் அடுத்த திசையிலிருந்து காற்று வந்துவிடும். தொட்டிச் சுவரில் போல்ட்டைச் சுற்றி விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. இரவில் அதிர்வு படுக்கையறை வரை கேட்பதால் பிரேக் போட்டு நிறுத்திவிடுவதாக வீட்டம்மா சொன்னார். விற்றவரின் எண் அதற்குள் உபயோகத்தில் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தில் கட்டடங்களில் பொருத்திய 26 சிறு காற்றாலைகளை அளந்து 2009-இல் வெளியிட்ட வார்விக் ஆய்வில், அணைத்து வைத்திருந்த நேரத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, அவை தம் முழுத் திறனில் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஓடிய நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டியது.

நூறு மீட்டர் சுற்றளவில் உள்ள மரம், வீடு எதுவானாலும் அதன் உச்சிக்கு மேல் குறைந்தது 10 மீட்டர் உயரத்தில் இறக்கை இருக்க வேண்டும் என்பது அனுபவ விதி. தென்னந்தோப்பின் நடுவில் இடம் என்றால் அது 25 மீட்டருக்கு மேல் போய்விடும். அங்கே வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெட்டவெளியில் 10 மீட்டர் கோபுரத்தை 20 மீட்டராக்கினால் வேகம் ஏறத்தாழ 15 சதவீதமும், மும்மடி விதிப்படி ஆற்றல் 50 சதவீதமும் கூடுகிறது. கோபுரத்தில் மிச்சம் பிடிப்பதைப் போல நட்டம் வேறில்லை.

செங்குத்தாகச் சுற்றும் காற்றாடிக்கு எந்தத் திசைக் காற்றும் போதுமாமே?

திசையைப் பற்றிச் சொல்வது சரி. ஆனால் இரண்டாம் கேள்வியில் சொன்ன மும்மடி விதியும் பெட்ஸ் வரம்பும் அதற்கும் பொருந்தும். அதே பரப்புக்கு, வழக்கமாகப் பார்க்கும் நல்ல கிடை அச்சுக் கருவியைவிட அது பொதுவாகக் குறைவாகவே தருகிறது. கலங்கிய காற்றில் ஆற்றலும் குறைவு, கருவியின் ஆயுளும் குறைவு.

லைனே போகாத தோட்டத்துக்கு இது சரிப்படுமா?

இங்கேதான் சிறு காற்றாலைக்கு உண்மையான இடம் இருக்கிறது. மின்வாரிய இணைப்பு இல்லாத இடத்தில் பேட்டரி கட்டாயம். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி அளவுள்ள நான்கு பேட்டரிகளை 60,000 ரூபாய்க்கு வாங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கூடுகிறது. 900 யூனிட் வரும் இடத்தில் வட்டியில்லாமலே யூனிட் 29 ரூபாய் ஆகிவிடும்.

ஆனால் அங்கே இதற்குப் போட்டி மின்வாரியம் அல்ல, டீசல். சிறு ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு 3 யூனிட் தந்தால், லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது எண்ணெய்ச் செலவே யூனிட்டுக்கு 30 ரூபாயைத் தாண்டும். போய் வாங்கி வரும் கூலி வேறு. உப்பளம், கடலோர இறால் பண்ணை, கம்பம் நடுவதற்கே லட்சக்கணக்கில் கேட்கும் தொலைதூரக் காட்டுவீடு இவற்றில் கணக்கு நியாயமாக நிற்கிறது.

அதற்குச் சோலாரே போதுமே, காற்றாடி எதற்கு?

பெரும்பாலும் போதும். 1 கிலோவாட் சூரியத் தகடு 65,000 ரூபாய்க்கு அமைந்து ஆண்டுக்கு 1,400 யூனிட் தந்தால், பராமரிப்பைச் சேர்த்து 20 ஆண்டுக் கணக்கில் யூனிட் 3 ரூபாய் அளவில் விழுகிறது. மேலே வந்த எந்த எண்ணும் அதன் அருகில் வரவில்லை. அசையும் பாகம் எதுவும் அதில் இல்லை என்பதும் பெரிய வசதி.

காற்றாடியின் நன்மை அது தரும் நேரத்தில் இருக்கிறது. கணவாய்ப் பகுதிகளில் ஆனி, ஆடியில் மேகம் மூடி வெயில் குறையும் நாள்களில்தான் காற்று பலமாக வீசுகிறது, இரவிலும் வீசுகிறது. மின் இணைப்பில்லாத இடத்தில் இரண்டும் சேர்ந்தால் பேட்டரியின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். முன் கேள்வியில் பேட்டரி எவ்வளவு தின்கிறது என்று பார்த்தோம். காற்றாடியின் விலையை அந்த மிச்சத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஈ.பி. லைனோடு சேர்த்துவிட்டால் பேட்டரிச் செலவு இல்லையே?

தொழில்நுட்பப்படி முடியும். ஆனால் 2021-இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த கூரை மின்னாக்க விதிகள் சூரிய மின்சாரத்துக்காக எழுதப்பட்டவை. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் இணைக்காதீர்கள். லைன் நிறுத்தப்பட்டிருக்கும்போது உங்கள் கருவி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து.

தோட்டத்து மோட்டாரை ஓட்டலாமா?

விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில் இதற்குச் செலவிடுவது வீண். இணைப்பு இல்லாதவர்கள், மின்சாரமாக மாற்றாமல் நேரடியாகத் தண்ணீர் இறைக்கும் பல இறக்கைக் காற்றாடியை எண்ணிப் பார்க்கலாம். ஆரோவில்லில் உருவான ஏவி-55 அந்த வகை. மெதுவான காற்றிலும் சுழலும், பேட்டரி வேண்டாம், தொட்டியே சேமிப்பாகிவிடும்.

முப்பந்தலில் ஆயிரக்கணக்கில் நிற்கிறதே, அவர்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியானது?

முதலாவது காரணம் இடம். 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் முன்னோட்டமாகத் தொடங்கி, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வாயில் காற்றை அளந்து பார்த்த பிறகே நிறுத்தினார்கள். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது அப்படித்தான்.

இரண்டாவது, வருமான வரி. 1990-களில் காற்றாலையின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழிக்க முடிந்தது. பிறகு அது 80 சதவீதமாயிற்று. ஒரு கோடி ரூபாய்க் கருவிக்கு 80 லட்சத்தை வருமானத்திலிருந்து கழித்தால், 30 சதவீத வரி கட்டும் நூற்பாலைக்கு அந்த ஆண்டே 24 லட்சம் வரி குறையும். கோவை, திருப்பூர், இராஜபாளையம் ஆலைகள் காற்றாலை வாங்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. தம் ஆலைக்கே அந்த மின்சாரத்தைப் பயன்படுத்தியது மற்றொரு ஆதாயம். 2012-இல் சலுகை நிறுத்தப்பட்டு, 2014-இல் திரும்ப வந்து, 2017 ஏப்ரல் முதல் 40 சதவீதமானது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத குடும்பத்துக்கு இந்தச் சலுகையால் ஒரு பைசா பயனில்லை.

வரிச்சலுகையும் கிலோவாட்டுக்குத் தரும் மானியத்தைப் போன்றதே. ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிடைத்துவிடும். இதை உணர்ந்துதான் 2009 டிசம்பரில், உற்பத்தியான ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை அறிவித்தார்கள். அது பெரிய காற்றாலைகளோடு நின்றுவிட்டது.

வெளிநாட்டில் வீட்டுக் காற்றாலைக்கும் யூனிட் கணக்கில் பணம் கொடுத்தார்களாமே?

ஆம். பிரிட்டனில் 2010 ஏப்ரலில், ஒன்றரை கிலோவாட் வரையிலான காற்றாலைக்கு உற்பத்தியான யூனிட்டுக்கு 34.5 பென்ஸ் தரத் தொடங்கினார்கள்; 2019 மார்ச்சோடு புதியவர்களைச் சேர்ப்பது நின்றது. ஜப்பான் 2012-இல் 20 கிலோவாட்டுக்கு உட்பட்டவற்றுக்கு யூனிட்டுக்கு 55 யென் என அறிவித்து, 2018 நிதியாண்டில் அந்தத் தனி விலையை நீக்கியது. அங்கே பெரிய காற்றாலைகளுக்குத் தொடக்கத்தில் 22 யென்தான். சிறியதற்குச் செலவு எவ்வளவு கூடுதல் என்பதை இந்த இரண்டு விலைகளின் இடைவெளியே சொல்கிறது. யூனிட்டுக்குப் பணம் என்றதும் வாங்குபவரே காற்றுள்ள இடத்தைத் தேடத் தொடங்குவார் என்பது இம்முறையின் பலம். கருவி விலை குறையாவிட்டால் அரசால் நெடுநாள் தாங்க முடியாது என்பது பலவீனம்.

பழைய 225 கிலோவாட் மெஷின் மலிவாகக் கிடைக்கிறது. நாலு பேர் சேர்ந்து வாங்கலாமா?

சொந்தப் பயன்பாட்டு மின்நிலையமாகக் கருதப்பட, பயன்படுத்துவோர் குறைந்தது 26 சதவீத உரிமை வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது அவர்களே பயன்படுத்த வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டு மின்விதி. சிறு ஆலைகள் சேர்ந்து செய்யலாம். நான்கு வீடுகளுக்கு இந்த வழி பொருந்தாது. வாங்குவதற்கு முன் கியர்பெட்டியின் நிலை, நில உரிமை, மின்வாரிய ஒப்பந்தத்தில் மிஞ்சியிருக்கும் ஆண்டுகள், கடந்த பத்தாண்டுகளின் மாதவாரி உற்பத்திக் கணக்கு ஆகியவற்றைப் பாருங்கள். பழையவற்றைப் புதுப்பிப்பதற்கும் மாற்றுவதற்கும் 2024-இல் மாநில அரசு வெளியிட்ட கொள்கையையும் படித்துவிடுங்கள்.

மறுபடியும் மானியம் கொண்டுவந்தால் எப்படிக் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள்?

கருவிக்குக் கொடுப்பதற்கு முன் அளப்பதற்குக் கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். காற்றளவி, பதிவுக் கருவி, மடக்கி இறக்கக்கூடிய ஒரு குழாய்க் கம்பம் இவ்வளவும் ஒரு காற்றாலை விலையில் சிறு பகுதிதான். ஊராட்சிக்கு ஒன்று வாங்கி, விண்ணப்பித்தவரின் இடத்தில் ஓராண்டு நிறுத்தி, இறக்கை வரப்போகும் உயரத்தில் சராசரி 4.5 மீட்டருக்குக் குறைந்தால் விண்ணப்பத்தைத் திருப்பிவிடலாம். தேறிய இடத்தில் மானியத்தின் ஒரு பாதியைக் கருவி நிறுத்தும்போதும், மறுபாதியை ஐந்தாண்டுகளுக்கு மீட்டரைப் பார்த்து யூனிட் கணக்கிலும் கொடுக்கலாம். லைன் போகாத இடங்களுக்கே முதலிடம் தர வேண்டும்.

விரிசல் விட்ட தொட்டி வீட்டுக்காரர் காற்றாடியைக் கழற்றி மாட்டுக்கொட்டகையில் வைத்திருக்கிறார். சென்ற வைகாசியில் அவருடைய மேட்டுக்காட்டில் ஒரு காற்றளவியை 15 மீட்டர் குழாயில் ஏற்றிக் கொடுத்தேன். மாதக் கடைசியில் அவரே எண்ணைக் குறித்து அனுப்பிவைக்கிறார்; பன்னிரண்டு மாதமும் முடிந்த பிறகே கோபுரத்தைப் பற்றிப் பேசுவது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.